வரிசையில நடுவுல பூர்றவங்ககிட்ட எப்பிடி பேசறது? யாருக்கு எடம் விடலாம்?

தர்மபுரி_பொண்ணு:

வணக்கம் மக்களே. எங்க ஊடு தர்மபுரி டவுன்ல. ரேஷன் வாங்கறது, அம்மாவ சுகர் பிரஷர் மாத்திரைக்கு கவர்மென்ட் ஆஸ்பத்திரி கூட்டினு போறது, பேங்க்ல பாஸ்புக் என்ட்ரி போடறது எல்லாமே நாந்தான். நிக்கறது ஒண்ணும் கஷ்டமில்ல, பழகிடுச்சு. ஆனா நடுவுல வந்து பூர்றாங்க பாருங்க, அவங்ககிட்ட என்ன சொல்றது எப்பிடி சொல்றதுன்னுதான் இன்னும் புடிபடல.

ஒருத்தர் வருவாரு, "ஒரே ஒரு டவுட்டு, கேட்டுட்டு போயிடறேன்"னு சொல்லி நேரா கவுன்ட்டர்கிட்ட போவாரு, பாத்தா கையில சீட்டு பணம் எல்லாம் ரெடியா இருக்கும், டவுட்டு கேக்கற மாதிரியே வேலைய முடிச்சினு போயிடுவாரு. இன்னொரு அக்கா வந்து வரிசையெல்லாம் பாக்காம, முன்னாடி யாரு தெரிஞ்சவங்கன்னு ஒரு நோட்டம் உட்டு, "அண்ணி என் கார்டையும் சேத்து குடுத்துடுங்க"ன்னு கையில திணிச்சிட்டு நெழல்ல போய் உக்காந்துக்குவாங்க. அந்த அண்ணிக்கும் மாட்டேன்னு சொல்ல முடியாது, ஒரே தெருவுல இருக்கறவங்களாச்சே. நாம ஏதாச்சும் கேட்டா "நீ என்ன இந்த கடைக்கு ஓனரா"ன்னு ஒரு கேள்வி, மிச்ச பேரெல்லாம் வாயே தொறக்க மாட்டாங்க, கடைசில நாமதான் சண்டக்காரின்னு பேரு வாங்கினு வரணும்.

இதுல இன்னொன்னும் இருக்கு, அதுதான் எனக்கு பெரிய கொழப்பம். போன மாசம் கைக்கொழந்தையோட ஒரு பொண்ணு வெயில்ல நின்னுனு இருந்துச்சு, நான் "நீ என் முன்னாடி வாம்மா"ன்னு கூப்ட்டு நிக்க வெச்சேன். பின்னாடி இருந்த அம்மா என்னைய புடிச்சி கத்தறாங்க, "உன் எடம்னா நீ குடுத்துட்டு பின்னாடி போ, என் நேரத்த ஏன் குடுக்கற"ன்னு. கொழந்தைக்கு எடம் விட்டது சரின்னுதான் இன்னமும் நெனைக்கறேன், ஆனா அந்த அம்மா கேட்டதுலயும் நியாயம் இருக்கற மாதிரிதான் படுது. நீங்கல்லாம் என்ன சொல்றீங்க? யாரையாவது முன்னாடி விடணும்னா யாரு முடிவு பண்ணணும்? பூர்றவங்ககிட்ட சண்ட இல்லாம பேச நல்ல வார்த்த என்ன? நம்ம ஊரு ஆளுங்க அனுபவத்துல சொல்லுங்க, பெங்களூர்ல அப்பிடி வெளிநாட்டுல இப்பிடின்னு வேணாம்.

காரிமங்கலம்_ரோடு:

தங்கச்சி, மொதல்ல அந்த பின்னாடி நின்ன அம்மா சொன்னது நூத்துக்கு நூறு சரி. உன் முன்னாடி ஒருத்தர விட்டா உனக்கு மட்டும் லேட் இல்ல, உன் பின்னாடி நிக்கற அத்தன பேருக்கும்தான் லேட். அதனால விடறதுக்கு முன்னாடி திரும்பி, "கைக்கொழந்த வெச்சிருக்காங்க, முன்னாடி விட்டுரலாமா"ன்னு சத்தமா ஒரு வாட்டி கேட்டுடணும். நான் பாத்த வரைக்கும் அப்பிடி கேட்டா யாருமே மாட்டேன்னு சொன்னதில்ல, பாதி பேர் "அட போவட்டும்மா"ன்னுதான் சொல்லுவாங்க. கேக்காம விடறப்பதான் அவங்களுக்கு கோவம். யாராச்சும் ஒத்துக்கலன்னா நீ உன் எடத்த அந்த பொண்ணுக்கு குடுத்துட்டு கடைசிக்கு போயிடு, அது உன் எடம், அதுல யாரும் கேள்வி கேக்க முடியாது.

அப்புறம் ரேஷன்ல கார்ட சேத்து குடுக்கறது. கைரேக வெக்கற மெஷின் வந்தப்புறம் அதுல அர்த்தமே இல்ல, கார்டு யாருதோ அந்த ஊட்டு ஆளு ஒருத்தர் வந்து வெரல் வெக்கணுமே, அப்ப நெழல்ல உக்காந்துனு இருந்த அக்கா எழுந்து நேரா முன்னாடி வருவாங்க, அது பூர்றதுதான், வேற பேரே கெடையாது. "அக்கா, வெரல் வெக்க நீங்களே வரணும்ல, அப்பிடியே வரிசையில நின்னுக்கோங்க"ன்னு அந்த அண்ணிக்கு பதிலா நீயே சொல்லிடு, அவங்களுக்கும் தெருவுல மனஸ்தாபம் வராது.

ஆனா ஒண்ணு, வெரல் சரியா விழாதவங்க விஷயம் வேற. சித்தாள் வேல, களையெடுக்கறது, புளி தட்டறதுன்னு செஞ்சு செஞ்சு வெரல்ல ரேகையே தேஞ்சு போன பாட்டிங்க எத்தன பேர் இருக்காங்க நம்ம பக்கம். அவங்க நாலு வாட்டி அஞ்சு வாட்டி வெப்பாங்க, மெஷின் ஏத்துக்காது, பின்னாடி இருந்து முணுமுணுப்பு வரும். அந்த மாதிரி நேரத்துல பாட்டி கொஞ்சம் தள்ளி நின்னு கைய கழுவி தொடச்சினு வரட்டும், அடுத்தவங்க போவட்டும், பாட்டி வந்த ஒடனே நேரா முன்னாடியே விட்டுடணும், திரும்ப கடைசில போய் நில்லுன்னு சொல்லக்கூடாது. அவங்க ஏற்கனவே நின்னு வந்தாச்சு. கடைக்காரரே இத சொல்லிட்டா நல்லது, சொல்லலன்னா வரிசையில நிக்கற யாராச்சும் சொல்லலாம்.

அரூர்_அம்மா:

நான் கொஞ்சம் வயசானவ, எங்க காலத்துல கொழாயடி வரிசதான் பெரிய வரிச. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013ல வந்துச்சு, அதுக்கு முன்னாடி இந்த மாவட்டத்துல நல்ல தண்ணிக்கு பட்ட பாடு பெரியவங்களுக்கு தெரியும், போர் தண்ணில ஃப்ளோரைடு, புள்ளைங்க பல்லெல்லாம் காவி படிஞ்சி கெடக்கும். நல்ல தண்ணி விடற எடத்துல விடியகாலம் மூணு மணிக்கே கொடம் வரிசையா நிக்கும்.

அங்க எழுதாத சட்டம் இருந்துச்சு. கொடம் நின்னா ஆளு நின்ன கணக்கு, ஆனா உன் மொற வர்றப்ப நீ அங்க இருக்கணும். இல்லன்னா உன் கொடத்த ஓரமா எடுத்து வெச்சிட்டு அடுத்தவ புடிப்பா, நீ வந்த ஒடனே அவளுக்கு அடுத்து உனக்கு. தூக்கி கடைசில வெச்சா அது தப்பு, வெச்சவள எல்லாரும் கேப்பாங்க. ஒரு மொறைக்கு ஊட்டுக்கு ரெண்டு கொடம், இன்னும் வேணும்னா திரும்ப கடைசில இருந்து வா. சாவு ஊட்டுக்கு தண்ணின்னா யாரும் கேக்காமலே வழி விட்டுடுவாங்க, புள்ள பெத்த ஊட்டுக்கும் அப்பிடித்தான். அந்த ஊட்டுக்காரங்களே வந்து கேக்கணும்னு இல்ல, பக்கத்து ஊட்டுக்காரி வந்து "இன்னாருக்கு"ன்னு சொன்னா போதும்.

சண்ட வராம இருந்துச்சான்னா வந்துச்சு, நல்லாவே வந்துச்சு. ஆனா சட்டம் எல்லாருக்கும் தெரியும், அதனால யாரு பக்கம் தப்புன்னு சீக்கிரம் தெரிஞ்சிடும். இப்ப ஆஸ்பத்திரியில பேங்க்ல நிக்கறவங்க ஒருத்தருக்கொருத்தர் தெரியாதவங்க, அதனால வந்த ஒடனே வாயத் தொறந்து பேசிடணும் கண்ணு. நான் எங்க போனாலும் மொதல்ல "கடைசி யாரும்மா?"ன்னு கேப்பேன். ஒருத்தி கைய தூக்குவா, அவ மொகத்த பாத்து வெச்சிக்குவேன். எனக்கு அடுத்து வர்றவளுக்கு நான் கைய தூக்குவேன். அப்புறம் நெழல்ல உக்காந்தாலும் சரி நின்னாலும் சரி, வரிச கலையாது. கால் வலிக்கிற கெழவிங்களுக்கு இதவிட நல்ல வழி இல்ல.

பாலக்கோடு_மண்டி:

எல்லாரும் சொல்றது சரிதான், ஆனா ஊர்ல பெரியவங்க, நாலு பேருக்கு நல்லது செஞ்சவங்க வந்தா முன்னாடி விடறது நம்ம மரியாதை தானே. எல்லாத்துக்கும் வரிச வரிசன்னு நின்னா பெரியவங்கள மதிக்கறது எங்க போவும்? எங்க அப்பா காலத்துல தலைவரு வந்தா எல்லாரும் எழுந்து வழி விடுவாங்க.

காரிமங்கலம்_ரோடு:

பாலக்கோடு அண்ணா, வயசுல பெரியவங்கன்னா விடலாம், அதுல எனக்கும் சம்மதம். ஆனா பதவில பெரியவரு, நெலம் அதிகம் வெச்சிருக்கறவரு, நம்ம ஆளு, நம்ம தெரு ஆளுன்னு பாத்து விடறது வேற கதை. அந்த காலத்துல யாரு எழுந்து வழி விட்டாங்க, யாருக்கு வழி விட்டாங்கன்னு யோசிச்சி பாருங்கண்ணா. எப்பவும் எழுந்து நின்னது ஒரே தெரு ஆளுங்கதான். மண்ட காயற வெயில்ல தக்காளி பறிச்சிட்டு ஒரு நாள் கூலிய விட்டுட்டு வந்து நிக்கற பொம்பளைக்கும் அந்த தலைவருக்கும் ரேஷன் கடையில ஒரே கார்டுதான். தலைவரு மேல மரியாதை இருந்தா வணக்கம் வெக்கலாம், நலம் விசாரிக்கலாம், எடத்த பின்னாடி நிக்கறவங்க தலையில இருந்து புடுங்கி குடுக்க வேணாம். நல்ல தலைவரா இருந்தா அவரே வந்து பின்னாடி நிப்பாரு, எங்க ஊர்ல அப்பிடி ஒருத்தர நான் பாத்திருக்கேன்.

பாலக்கோடு_மண்டி:

நான் சாதி பாத்து சொல்லல தம்பி, வயச மனசுல வெச்சித்தான் சொன்னேன். நீ சொல்றது புரியுது, வயசானவங்களோட நிறுத்திக்கறேன்.

ஓசூர்_ஷிப்ட்:

கிருஷ்ணகிரி பக்கம் இருந்து ஒரு கருத்து. ஆளுங்கள குத்தம் சொல்றதுக்கு முன்னாடி வரிசைய எப்பிடி வெச்சிருக்காங்கன்னும் பாக்கணும். நாலு கவுன்ட்டர் இருக்கு, நாலு தனித்தனி வரிசன்னு வெச்சிக்கோங்க. நீங்க நிக்கற வரிசையில மட்டும் ஒருத்தருக்கு ஏதோ ஃபார்ம்ல பிரச்சன, கால் மணி நேரம் நகராது, பக்கத்து வரிசையில உங்களுக்கு அப்புறம் வந்தவரு வேலைய முடிச்சினு போறாரு. யாரும் பூரல, ஆனாலும் வயிறு எரியும். அதுக்கப்புறம்தான் வரிச மாறி மாறி ஓடறது, ஒரு கால இங்க ஒரு கால அங்க வெக்கறது எல்லாம். அதுக்கு பதிலா ஒரே வரிச, எந்த கவுன்ட்டர் காலியோ மொதல்ல நிக்கறவரு அங்க போவணும்னு வெச்சா, பின்னாடி வந்தவரு முன்னாடி கவுன்ட்டருக்கு போகவே முடியாது. நீளமா தெரியும், ஆனா வேகமா நகரும். இது எப்பிடி வேல செய்யுதுன்னு கணக்கே இருக்கு, 1909லயே டென்மார்க்ல கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனில இருந்த எர்லாங்னு ஒருத்தர் போன் கால் எப்பிடி எப்பிடி வந்து சேருதுன்னு கணக்கு போட்டு எழுதினாரு, வரிச பத்தின கணக்கெல்லாம் அங்க இருந்து வளந்ததுதான். எங்க கம்பெனில கேன்டீன் கூப்பன எங்க சூப்பர்வைசர் ஒரே வரிசையா மாத்தினாரு, அதுக்கப்புறம் தள்ளுமுள்ளு கொறஞ்சிடுச்சு, ஷிப்ட் முடிஞ்சி பசியில வர்ற பசங்கதான் எல்லாரும், அவங்களே அமைதியா நிக்கறாங்க.

டோக்கனும் அதே மாதிரிதான். பொங்கல் பரிசுக்கு தெரு தெருவா தேதி நேரம் போட்டு டோக்கன் குடுத்தப்ப எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு. மகளிர் உரிமைத்தொக விண்ணப்ப முகாம் 2023 ஜூலை 24ந்தேதி உங்க தொப்பூர்லதானே ஆரம்பிச்சாங்க, அதுக்கும் ஊட்டுக்கே வந்து டோக்கன் குடுத்துட்டு போனாங்க. நேரம் போட்ட டோக்கன் கையில இருந்தா எவனும் விடியகாலம் வந்து செருப்ப வரிசையில வெக்க மாட்டான். ஆனா டோக்கன் வாங்கினவங்களும் அந்த நேரத்துக்கு வரணும், காலையில பத்து மணின்னு போட்டிருந்தா எட்டு மணிக்கே வந்து வாசல அடைச்சினு நின்னா திரும்ப அதே கதைதான்.

ஓசூர்ல இன்னொரு விஷயம். இங்க தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியான்னு எல்லா ஆளும் ஒரே வரிசையில நிப்பாங்க. வடக்க இருந்து வந்த பையன் வரிச எங்க முடியுதுன்னு தெரியாம நடுவுல வந்து நின்னா ஒடனே ஏசிடறாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும். பாஷ வேணாம், கைய காட்டி பின்னாடின்னு காமிச்சா போதும், போயிடுவான்.

சூளகிரி_நர்ஸ்:

ஆஸ்பத்திரி வரிச பத்தி நான் சொல்றேன், பல வருஷம் ஓபில உக்காந்து பாத்தது.

2007ல வந்த மூத்த குடிமக்கள் சட்டத்துல 20வது பிரிவுலயே இருக்கு, கவர்மென்ட் ஆஸ்பத்திரியில வயசானவங்களுக்கு தனி வரிச இருக்கணும்னு. 60 வயசு ஆனா மூத்த குடிமக்கள். அதனால உங்கம்மாவுக்கு அறுவது தாண்டியிருந்தா யாருகிட்டயும் கெஞ்ச வேணாம், சங்கடப்படவும் வேணாம், "சீனியர் சிட்டிசன் வரிச எது"ன்னு கேளுங்க, ஆதார எடுத்து காட்டுங்க. அது பூர்றது இல்ல, அவங்களுக்குன்னு இருக்கறது. ஆனா கூட வந்த நீங்க அம்மாவுக்கு மட்டும்தான் அந்த வரிசையில சீட்டு வாங்கணும், அப்பிடியே பக்கத்து ஊட்டு பையனுக்கும் ஒரு சீட்டு சேத்து வாங்கறத நான் நெறைய பாத்திருக்கேன், அது வேணாம்.

நெஞ்சு வலி, பாம்புக்கடி, கொழந்தைக்கு வலிப்பு, நெறமாசத்துல வலின்னு வந்தா ஓபி சீட்டு வரிசையில நிக்கவே கூடாது, நேரா அவசர சிகிச்ச பிரிவுக்கு போங்க, இல்ல 108 கூப்புடுங்க. மரியாதையா நிக்கணும்னு நெனச்சி நெஞ்ச புடிச்சினே வரிசையில நிக்கறவங்கள பாத்திருக்கேன். வரிசையில யாராவது வேர்த்து ஊத்தி மொகம் வெளுத்து நின்னா பக்கத்துல நிக்கறவங்க கேளுங்க, "என்ன பண்ணுது"ன்னு. அங்க கேக்காம இருக்கறதுதான் தப்பு.

முக்கியமா தங்கச்சி, சுகர் பிரஷர் மாத்திரைக்கு மாசாமாசம் ஏன் நிக்கறீங்க? மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இருக்கே. எங்க சூளகிரி பக்கம் சாமனப்பள்ளிலதான் 2021 ஆகஸ்ட் 5ந்தேதி ஆரம்பிச்சாங்க. தொடர்ச்சியா மாத்திர சாப்புடறவங்களுக்கு ஊட்டுக்கே கொண்டாந்து குடுக்கறது அதுல வரும். உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நெலையத்துல அம்மா பேர பதியணும், பழைய நோட்டு கொண்டு போங்க. நடுவுல டாக்டர பாக்கறதும் ரத்தம் டெஸ்ட் பண்றதும் நிறுத்திடாதீங்க.

தர்மபுரி_பொண்ணு:

நர்ஸ் அக்கா ரொம்ப ரொம்ப நன்றி, அந்த திட்டம் பேரு கேள்விப்பட்டிருக்கேன், டவுன்ல இருக்கறவங்களுக்கும் உண்டான்னு யோசிச்சினே விட்டுட்டேன், இந்த வாரமே போய் கேக்கறேன். காரிமங்கலம் அண்ணா சொன்ன மாதிரி பின்னாடி திரும்பி கேக்கறது நல்லா இருக்கு. இன்னும் ஒண்ணு மட்டும், வேணும்னே பூர்றவங்ககிட்ட மொத வார்த்த என்ன சொல்றது? அப்புறம் ஒருத்தர் நின்னு குடும்பமே பின்னாடி வந்து சேர்றாங்களே, அத எப்பிடி எடுத்துக்கறது?

பென்னாகரம்_பரிசல்:

ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேங்க, ஒகேனக்கல்ல பரிசல் வரிசையில இது தெனமும் நடக்கும். ஆடிப்பெருக்கு, லீவு நாளுன்னா கூட்டம் சொல்லவே வேணாம். ஒரு குடும்பத்துக்கு ஒருத்தர் நின்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா எல்லாரும் ஒரே பரிசல்ல போறவங்க, அஞ்சு பேர் நின்னாலும் ஒரு ஆள் நின்னாலும் பின்னாடி நிக்கறவங்களுக்கு அதே நேரம்தான். ஆனா அப்பா வரிசையில நிக்க, மத்தவங்க எண்ண மசாஜுக்கும் மீன் வறுவலுக்கும் போயிட்டு, பரிசல் வந்து நின்னப்புறமும் ஆளக் காணோம், லைஃப் ஜாக்கெட் கூட போடலன்னா, பின்னாடி அம்புட்டு பேரும் காத்துனு இருக்கணும். அப்ப அந்த அப்பாவே அடுத்த குடும்பத்த போங்கன்னு சொல்லிடறதுதான் மொற. திடீர்னு தண்ணி வரத்து அதிகமாச்சுன்னா பரிசலையே நிறுத்திடுவாங்க, அப்புறம் நின்னவங்க எல்லாருக்கும் நஷ்டம்.

கோயில் வேற. அதியமான்கோட்டை காலபைரவர் கோயில்ல தேய்பிறை அஷ்டமி அன்னிக்கு பாருங்க, பூசணிக்கா தீபம் போட எங்கெங்க இருந்தோ வருவாங்க. அங்க ஒருத்தர் நின்னு எட்டு பேர் வந்து சேந்தா எட்டு பேரும் தனித்தனியா சாமி பாப்பாங்க, தனித்தனியா அர்ச்சனை சொல்லுவாங்க. பின்னாடி நிக்கறவங்களுக்கு எட்டு ஆள் நேரம் போச்சு. அதனால நான் பாக்கறது இது ஒண்ணுதான், சேர்றவங்களால பின்னாடி இருக்கறவங்களுக்கு நேரம் கூடுதா இல்லயா. கூடலன்னா சேந்துக்கட்டும், கூடுச்சுன்னா எல்லாரும் ஒண்ணா வந்து நிக்கட்டும்.

காரிமங்கலம்_ரோடு:

மொத வார்த்தைக்கு வர்றேன். "அண்ணா, நீங்க வரிசையில இருந்தீங்களா?" இத கேளு. திட்டற மாதிரி இல்லாம நெஜமா தெரிஞ்சிக்கற மாதிரி கேளு, ஏன்னா சில சமயம் நெஜமாவே இருந்திருப்பாரு, ஜெராக்ஸ் எடுக்க போய்ட்டு வந்திருப்பாரு. இல்லன்னா அவருக்கே ஒரு வழி கெடைக்கும், "ஓ, வரிச அங்க இருக்கா"ன்னு மானம் போவாம பின்னாடி போயிடலாம். எடுத்த எடுப்புல "அறிவில்ல?", "படிச்சவர் மாதிரி இருக்கீங்க"ன்னு ஆரம்பிச்சா நல்ல மனுசன் கூட நகர மாட்டான். டவுட்டு கேக்க வர்றவருகிட்ட "என்ன டவுட்டுண்ணா, எனக்கு தெரிஞ்சா சொல்றேன்"னு கேட்டுடு. எந்த ஃபார்ம், எந்த கவுன்ட்டர்னு பல நேரம் வரிசையில நிக்கறவங்களுக்கே தெரியும், நெஜமா டவுட்டா இருந்தா அங்கயே தீந்துடும்.

அவரு கவுன்ட்டர தொடறதுக்கு முன்னாடியே சொல்லிடணும், சீட்டு உள்ள போனப்புறம் சொல்லி பிரயோஜனமில்ல. அப்பவும் கேக்கலன்னா அவருகிட்ட மல்லுக்கட்டாத, கவுன்ட்டர்ல இருக்கறவங்கள பாத்து "சார், இங்க அடுத்து இந்த அம்மா"ன்னு வரிசையில மொதல்ல நிக்கறவங்கள காட்டு. உனக்காக கேக்காம அவங்களுக்காக கேக்கறப்ப மத்தவங்களும் வாயத் தொறப்பாங்க.

அரூர்_அம்மா:

ஒண்ணு விட்டுப்போச்சு. மளிகக்கடையில ரேஷன் கடையில சின்னப்புள்ளைங்க பைய புடிச்சினு நிக்கும், பெரியவங்க தலைக்கு மேல கைய நீட்டி வாங்கினு போய்னே இருப்பாங்க, அந்த புள்ள எவ்ளோ நேரம் நின்னாலும் கடைக்காரர் கண்ணுல படாது. அத பாத்தா விடாதீங்க. "இந்த பாப்பா எனக்கு முன்னாடி வந்துச்சு, அதுக்கு குடுத்துட்டு எனக்கு குடுங்க"ன்னு சொல்லுங்க. பொம்பளைங்க வரிச ஆம்பளைங்க வரிசன்னு ரெண்டு இருந்தா அங்க ஒருத்தர் இங்க ஒருத்தர்னு மாத்தி மாத்தி குடுக்கச் சொல்லுங்க, எங்க கடையில அப்பிடித்தான் நடக்குது, ரெண்டு பக்கமும் யாருக்கும் குறையில்ல.

சூளகிரி_நர்ஸ்:

தங்கச்சி, டவுன்லயும் உண்டு, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நெலையத்துல கேளுங்க. காலையில ஓபி கூட்டம் கொறைஞ்சப்புறம் போனா பேர் பதியறவங்க பொறுமையா பேசுவாங்க. அம்மாவோட ஆதார், பழைய ஓபி நோட்டு, இப்ப சாப்புடற மாத்திர அட்ட, மூணையும் எடுத்துனு போங்க.